கல்லீரல் வைரஸ்களின் பூர்வீகம்: சுங்கை சிப்புட்டில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

பேராவில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டைச் சுற்றி இன்னும் ரப்பரும் செம்பனையும்தான். தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள் பாதிப் பேர் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் ஹெப்பாடைட்டிஸ் என்ற கல்லீரல் அழற்சி நோய் பற்றிய பயமும் வதந்தியும் வீடு மாறும்போது கூடவே வந்துவிட்டன. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், டாக்டர் இல்லை. கோயில் மண்டபத்திலும் ஒட்டுக்கடை மேசையிலும் என்னிடம் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன். இந்த வைரஸ்கள் எங்கிருந்து வந்தன, எப்படி மாறுகின்றன என்று வைரஸ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். என்ன மாத்திரை, எத்தனை வேளை என்பதெல்லாம் டாக்டரிடம் கேட்க வேண்டியவை.

ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து சொல்கிறார்கள். ஒரே வயிற்றுப் பிள்ளைகளா?

சொந்தமே கிடையாது. ஏ போலியோ வைரஸின் உறவு. சி நமக்கு நன்றாகத் தெரிந்த டெங்கியின் குடும்பம். பி தனிக் குடும்பம், அது டிஎன்ஏ வைரஸ். மற்ற நான்கும் ஆர்என்ஏ. இரண்டும் மரபணு எழுதப்படும் பொருள்கள்தான். இ இன்னொரு குடும்பம். டி எதிலும் சேராத ஒரு விசித்திரம், அதைப் பிறகு சொல்கிறேன். ஐந்தும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வழியில் கல்லீரலுக்கு வந்து சேர்ந்தவை.

ஏன் கல்லீரல்? குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் அங்கேதான் போகிறது. தின்ற சோற்றிலிருந்தும் குடல் கிருமிகளிலிருந்தும் அந்நியப் பொருள்கள் தினமும் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டால் கல்லீரல் தாங்காது. அதனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அங்கே கொஞ்சம் பொறுத்துப் போகும். அந்தப் பொறுமைதான் வைரஸுக்கு வசதி.

மஞ்சள் காமாலை வந்தால் இந்த ஐந்தில் ஒன்று என்று அர்த்தமா?

இல்லை. பித்தப்பைக் கல், மருந்து ஒவ்வாமை, எலிக்காய்ச்சல் எதிலும் கண் மஞ்சளாகலாம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் எலிக்காய்ச்சலை மறக்கவே கூடாது. இன்னொரு பக்கம், பியும் சியும் இருக்கும் பெரும்பாலோருக்குப் பல வருடங்களுக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. ஆபத்தே அதுதான்.

இந்த பி வைரஸை முதலில் யார் கண்டுபிடித்தது?

தேடிப் போனது வேறு, கிடைத்தது வேறு. பாரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்கர், வெவ்வேறு இனத்து மக்களின் ரத்தப் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். பல முறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு நோயாளியின் ரத்தம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்றோடு வினைபுரிந்தது. 1965இல் அதை ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று வெளியிட்டார். ஆன்டிஜென் என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் காணும் பொருள். அது பி வைரஸின் மேலுறைப் புரதம் என்பது சில வருடம் கழித்துத்தான் தெளிவானது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு. அவர் பிறந்த ஜூலை 28தான் இன்று உலக ஹெப்பாடைட்டிஸ் தினம்.

சி-யின் கதை வேறு. வைரஸை யாரும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, 1989இல், அதன் மரபணுத் துண்டு ஒன்றைப் பிடித்துவிட்டார்கள். மைக்கேல் ஹௌட்டன், சிங்கப்பூரில் பிறந்த குயி-லிம் சூ, ஜார்ஜ் குவோ, டேனியல் பிராட்லி ஆகியோரின் வேலை அது. லட்சக்கணக்கான துண்டுகளைச் சலித்ததில் ஒன்று அகப்பட்டது. 2020 நோபல் பரிசு ஹார்வி ஆல்டர், ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்குப் போனது. சூவுக்கும் குவோவுக்கும் இல்லை. அதற்கு முன் 2013இல், இந்த இருவரையும் சேர்க்காததால் கனடாவின் கெய்ர்ட்னர் பரிசை ஹௌட்டன் வேண்டாம் என்று மறுத்திருந்தார். பரிசை விட அந்த மறுப்புதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வைரஸுக்கு வயது எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அதற்கென்ன பிறப்புப் பத்திரமா இருக்கிறது?

ஒரு பழைய பாட்டு ஏட்டைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார், அதைப் பார்த்து இன்னொருவர், அதைப் பார்த்து மற்றொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கையிலும் ஓரிரு எழுத்து தப்பும். பின்னால் வந்த ஏடுகளை அடுக்கி வைத்து, எந்தெந்த ஏட்டில் ஒரே தப்பு இருக்கிறது என்று பார்த்தால், எது எதிலிருந்து பிறந்தது என்று ஒரு வம்சாவளி போட்டுவிடலாம். வைரஸும் தன்னை நகலெடுக்கும்போது தப்பு விடுகிறது. ஆய்வாளர்கள் மரபணு எழுத்துகளை வரிசையாக வைத்து, கணினியில் மரம் வரைகிறார்கள். வருடத்துக்கு எத்தனை தப்பு என்று தெரிந்தால், இரண்டு கிளைகள் எப்போது பிரிந்தன என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம்.

சொல்வதற்கு எளிது, செய்யும்போது சிக்கல். இன்றைய நோயாளிகளை வைத்து அளந்தால் வைரஸ் படுவேகமாக மாறுவதுபோல் தெரியும். பல ஆயிரம் வருடக் கணக்கில் பார்த்தால் ஆமை வேகம். ஏனென்றால் இன்று தோன்றும் மாற்றங்களில் பெரும்பாலானவை நிலைப்பதில்லை. ஆளுக்கு ஆள் போகும்போது உதிர்ந்துவிடும், அல்லது பழைய எழுத்துக்கே திரும்பிவிடும். பிரிட்டிஷ் வைரஸ் ஆய்வாளர் பீட்டர் சிம்மண்ட்ஸும் அவருடைய சகாக்களும் இதை வலியுறுத்தி வருகிறார்கள்: வைரஸ் இஷ்டப்படி ஓடுவதில்லை, அது குடியிருக்கும் உடம்பு போடும் கட்டுக்குள்தான் மாறுகிறது. 1993இல் சி வைரஸை ஆறு பெரும் வகைகளாகப் பிரித்த ஆய்வும் சிம்மண்ட்ஸ் தலைமையில் வந்ததுதான். இன்று வகைகள் எட்டு. எட்டாவது, கனடாவில் வாழும் பஞ்சாபிப் பூர்வீகம் கொண்டவர்களிடம் கண்டறியப்பட்டு 2018இல் அறிவிக்கப்பட்டது.

செத்துப்போனவரின் எலும்பில் வைரஸ் எடுத்தார்கள் என்று படித்தேன். ரத்தமே இல்லாத எலும்பில் எப்படி?

பல்லில்தான் அதிகம் எடுக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது பல்லுக்குள் ரத்தம் ஓடியிருக்கும். அதில் இருந்த பி வைரஸின் டிஎன்ஏ காய்ந்த பல்லுக்குள் பல ஆயிரம் வருடம் தங்கிவிடுகிறது. சி, ஏ, இ எல்லாம் ஆர்என்ஏ என்பதால் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால்தான் பழங்காலச் செய்தி என்றாலே பி-யாக இருக்கிறது.

2018இல் இரண்டு குழுக்கள் பல ஆயிரம் வருடம் பழைய பி மரபணுக்களை வெளியிட்டன. ஒன்றில் கற்காலத்து ஜெர்மனி வரை போனார்கள், சுமார் 7,000 வருடம். 2021இல் இன்னொரு குழு ஒரே மூச்சில் 137 பழைய மரபணுக்களைக் கொண்டுவந்தது. அவற்றில் மிகப் பழையது சுமார் 10,500 வருடம், புதியது 400 வருடம். அதை வைத்துப் பார்த்தால், இன்று தெரிந்த எல்லா மனித பி வைரஸ்களுக்கும் பொது மூதாதை 12,000 முதல் 20,000 வருடத்துக்கு முந்தியது. மக்கள் இடம்பெயர்ந்த பாதையிலேயே வைரஸும் நடந்திருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் ஒரு தேவாலயத்தில் கிடைத்த 16ஆம் நூற்றாண்டுக் குழந்தையின் பதப்பட்ட உடல். முகத்தில் தடிப்பு இருந்ததால் பெரியம்மை என்றே நம்பியிருந்தார்கள். 2018இல் மரபணுவைப் பார்த்தால் பெரியம்மைக்கு அடையாளமே இல்லை, பி வைரஸ் இருந்தது. அதுவும் பி-யிலேயே டி என்ற மரபணு வகை (டி வைரஸ் வேறு), இந்தியாவில் இன்றும் அதிகம் காணப்படும் வகை. இன்றைய டி வகையோடு வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமே இல்லை. சுமார் 450 வருடம் ஓடியும் கடிகாரம் நகராததுபோல! கணக்குப் போடுபவர்களுக்கு இது நல்ல தலைவலி.

மனிதனுக்கு இது குரங்கிலிருந்து வந்ததா?

நேர்க்கோட்டில் அப்படிச் சொல்ல முடியாது. சிம்பன்சி, கொரில்லா, கிப்பன் எல்லாவற்றுக்கும் சொந்தமாக பி போன்ற வைரஸ் உண்டு. போர்னியோ ஓராங் ஊத்தானிடம் இருப்பதை 1999இல் வெளியிட்டார்கள். வௌவால், அணில் இன விலங்குகள், வாத்து, கொக்கு என்று பட்டியல் நீளம். இன்னும் பின்னால் போனால் ஆச்சரியம். பறவைகளின் மரபணுவுக்குள்ளேயே பழைய பி இன வைரஸ் துண்டுகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அவற்றில் ஒன்று 8 கோடியே 20 லட்சம் வருடத்துக்கும் முந்தியது என்று 2013இல் காட்டினார்கள். அப்போது டைனோசர்கள் நடமாடிக்கொண்டிருந்தன. 2017இல் மீன்களிடம் மேலுறையே இல்லாத உறவு வைரஸ்கள் கிடைத்தன. அந்தக் கிளை பிரிந்து 40 கோடி வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்பது கணக்கு.

ஆக, நம் கல்லீரல் என்று ஒன்று உருவாவதற்கு முன்பே இந்த வைரஸ் கூட்டம் தொழிலில் இருந்தது.

அம்மா, அண்ணன், நான் மூவருக்கும் பி இருக்கிறது. அப்பா குடிகாரர். அவரால்தான் வந்தது என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள்.

தங்கச்சி, உங்கள் அப்பா குடித்ததால் இந்த வைரஸ் வரவில்லை. சாராயத்தில் வைரஸ் இல்லை. ஏற்கனவே வைரஸ் இருக்கும் கல்லீரலைக் குடி சீக்கிரம் கெடுக்கும், அது வேறு விஷயம்.

அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கிறது என்றால், பெரும்பாலும் பிரசவத்தில் வந்திருக்கும். அம்மாவுக்கு அவர் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். பி வைரஸ் நிலைத்து நிற்பதே இந்த வழியில்தான். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். ஆரோக்கியமான பெரியவருக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்கும், மற்றவர்கள் உடம்பே விரட்டிவிடும். பி வைரஸ் ‘இ-ஆன்டிஜென்’ என்று ஒரு புரதத்தை ரத்தத்தில் விடுகிறது (இ வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). அது குழந்தையின் எதிர்ப்புச் சக்தியை, இதுவும் நம் வீட்டுப் பொருள்தான் என்று நம்ப வைக்க உதவுகிறது. பல்லாயிரம் வருடமாக அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போயே பழகிய வைரஸின் சாமர்த்தியம் அது. இதில் அம்மாவின் நடத்தைக்கும் அப்பாவின் நடத்தைக்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒன்றைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

மலேசியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் பி தடுப்பூசி 1989இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்வது நல்லது. உங்கள் அண்ணன் பிள்ளைகள் ஊசி முழுக்கப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே கோப்பையில் குடித்தால்?

பியும் சியும் அப்படி வராது. பாட்டிக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறவர்கள் இன்றே அதை எடுத்துவிடுங்கள்.

அலகு குத்துவது, மொட்டை, பச்சை குத்துவது?

இவற்றில் ரத்தம் வருகிறது, அதனால் கேள்வி நியாயமானது. பி வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கும். தைப்பூசத்துக்கு ஆளுக்கு ஆள் வேலும் கொக்கியும் மாற்றிக்கொள்ளக் கூடாது. திருநீறு பூசினால் கிருமி போகாது, எலுமிச்சையில் குத்தி எடுத்தாலும் போகாது. ஒருவருக்கு ஒரு வேல், அதுவும் முறையாக நுண்ணுயிர் நீக்கியதாக இருக்கட்டும். மொட்டைக்குப் புது பிளேடு கேளுங்கள், கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தக் காலத்துத் தோட்ட டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) ஒரே ஊசியை எல்லோருக்கும் போட்டார். அதனால் சி வந்திருக்குமா?

தனி ஒருவருக்கு இன்ன ஊசியால் வந்தது என்று இன்று சொல்ல முடியாது. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து மறுபடி பயன்படுத்துவது அன்று உலகம் முழுக்க இருந்த வழக்கம். நன்றாகக் கொதித்ததா, வரிசை நீண்டபோது அவசரத்தில் கழுவியதோடு விட்டார்களா என்பதில்தான் விஷயம்.

இதன் பெரிய சாட்சி எகிப்து. நைல் நதிக்கரையில் நத்தை வழியாகப் பரவும் ஒரு புழு நோய்க்கு, 1950களிலிருந்து 1980கள் வரை அரசே ஊர் ஊராக நரம்பு ஊசி போட்டது. நல்ல எண்ணத்தோடு செய்த காரியம்தான். ஆனால் சிரிஞ்சுகள் சரியாகச் சுத்தம் ஆகவில்லை. உலகத்திலேயே சி தொற்று மிக அதிகமான நாடாக எகிப்து ஆனது. வைரஸ் ஆய்வாளர்கள் செய்தது இதுதான்: 2003இல் ஆலிவர் பைபஸும் மற்றவர்களும் எகிப்து நோயாளிகளின் சி மரபணுக்களை மட்டும் வைத்து மரம் வரைந்தார்கள். மரத்தில் கிளைகள் எங்கே திடீரென்று பெருகுகின்றன என்று பார்த்தால், தொற்று எப்போது வெடித்தது என்று தெரியும். அது ஊசித் திட்டக் காலத்தோடு ஒத்துப்போனது. பழைய ஆஸ்பத்திரிப் பதிவேடு எதுவும் இல்லாமலேயே வைரஸ் தன் சரித்திரத்தைச் சொல்லிவிட்டது.

அதே எகிப்து 2018-19இல் சுமார் ஐந்து கோடிப் பேரைப் பரிசோதித்துச் சிகிச்சையும் கொடுத்தது. அரசாங்கம் நினைத்தால் முடியும்.

தோட்டத்து ஊசி, பழைய காலத்தில் ஏற்றிய ரத்தம், பல் பிடுங்கல், போதை ஊசி எதுவாக இருந்தாலும் பரிசோதனைக் கூடத்தில் கேள்வி ஒன்றுதான்: வைரஸ் இருக்கிறதா, இல்லையா. எப்படி வந்தது என்று கேட்டு மிரட்டுவார்கள் என்று பயந்து வராமல் இருக்காதீர்கள்.

மரபணுவைப் பார்த்து, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பிடித்துவிடலாமா? மாப்பிள்ளை மேல் சந்தேகம்.

ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரு மயக்க மருந்து டாக்டரால் 275 பேருக்கு சி பரவியது என்று நீதிமன்றம் முடிவு செய்த வழக்கு உண்டு. அதில் மரபணு மரம் சாட்சியாக வந்தது. ஆயிரக்கணக்கான மரபணு வரிசைகளைப் படித்து, அந்த ஊரில் வேறு வழியில் சி வந்தவர்களோடும் ஒப்பிட்டார்கள். யாருக்கு அந்த டாக்டரால் வரவில்லை என்று பிரித்துக் காட்டவும் அதே மரம் பயன்பட்டது. இந்த முறை, சம்பந்தம் இல்லை என்பதை உறுதியாகச் சொல்லும். சம்பந்தம் இருக்கிறது என்பதை அவ்வளவு சுலபமாகச் சொல்லாது. இடையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்திருக்கலாம் அல்லவா?

மாப்பிள்ளையைச் சந்தேகப்பட இதெல்லாம் வேண்டாம் அம்மா. இருவரும் போய் ரத்தம் கொடுங்கள், மகளுக்கு பி இல்லையென்றால் ஊசி போடுங்கள்.

பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, சி-க்கு இல்லை. சி-யைக் குணப்படுத்துகிறார்கள், பி-யை முடியவில்லை. ஏன் இப்படித் தலைகீழ்?

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு பையன்.

பி-யின் மரபணு மிகச் சிறியது, சுமார் 3,200 எழுத்து. அதில் பாதிக்கு மேல் ஒரே எழுத்து இரண்டு புரதத்துக்கு வேலை செய்கிறது. ஒரு எழுத்தை மாற்றினால் இரண்டு இடத்தில் அடிபடும். அதனால் மேலுறையை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. தடுப்பூசி அந்த மேலுறைப் புரதத்தைத்தான் காட்டிக் கொடுக்கிறது, வைரஸால் வேஷம் மாற்றித் தப்ப முடியவில்லை. தடுப்பூசியை ஏய்க்கும் ஒரு மாற்றத்தை 1990இல் இத்தாலியில் கண்டார்கள், கொஞ்சம் பயந்தார்கள். ஆனால் அந்த வைரஸ் உலகைப் பிடிக்கவில்லை. 1980களில் போட ஆரம்பித்த ஊசி இன்றும் வேலை செய்கிறது.

ஆனால் பி கல்லீரல் செல்லின் கருவுக்குள் தன் டிஎன்ஏவை ஒரு வளையமாகச் சுருட்டி வைத்துவிடுகிறது. டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் புது நகல் எடுப்பதைத் தடுக்கும், வளையத்தைத் தொடாது. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் மறுபடி எழும், சில சமயம் மோசமாக.

சி நேர் எதிர். ஒரு நோயாளியின் உடம்பில் தினமும் சுமார் ஒரு லட்சம் கோடி புது வைரஸ் உண்டாகிறது. நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் வசதி கிடையாது. அதனால் ஒருவர் உடம்பிலேயே ஒரே மாதிரி இல்லாத பெருங்கூட்டம் இருக்கும். மேலுறையில் ஒரு பகுதி ஓயாமல் மாறும், உடம்பு ஒன்றுக்கு ஆயுதம் செய்வதற்குள் அடுத்தது ரெடி. ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் மரபணுவில் சுமார் 30 சதவீத வித்தியாசம். எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி எப்படிச் செய்வது?

ஆனால் சி செல்லின் கருவுக்குள் எதையும் ஒளித்து வைப்பதில்லை. நகலெடுப்பதைக் கொஞ்ச வாரம் நிறுத்திவிட்டால் இருந்தது எல்லாம் அழிந்துவிடும். இன்னொன்று, மேலுறை எவ்வளவு மாறினாலும், நகலெடுக்கும் நொதியின் மையத்தை அதனால் மாற்ற முடியாது. சோஃபோஸ்புவிர் மாத்திரை குறி வைப்பது அந்த இடத்தை. அங்கே எழுத்து மாறிய வைரஸ்கள் மருந்தைத் தாக்குப்பிடிக்கும், ஆனால் அவை பிழைத்திருக்கவே திணறும். அந்தப் பலவீனமான இடத்தைத்தான் மருந்து செய்தவர்கள் பிடித்தார்கள்.

அந்த மாத்திரைக்கு வீட்டை விற்க வேண்டுமாமே?

முன்பு அப்படித்தான் பேச்சு. விலை தாங்க முடியாததால் மலேசிய அரசாங்கம் 2017இல் காப்புரிமையை மீறாமல், சட்டத்தில் உள்ள அரசாங்கப் பயன்பாட்டு உரிமையைக் கையில் எடுத்தது. அதன்மூலம் விலை குறைந்த சோஃபோஸ்புவிர் கொண்டுவந்து, 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அதோடு சேர்த்துக் கொடுக்கும் ராவிடாஸ்விர் என்ற மருந்தை மலேசியாவிலும் தாய்லாந்திலும் சோதித்தார்கள். சோதனையில் கலந்துகொண்ட 301 பேரில் 97 சதவீதத்தினர் குணமானார்கள். 2021இல் மலேசியா அதற்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. சாதாரணமாக 12 வாரம், கல்லீரல் சுருங்கியிருந்தால் 24 வாரம். இங்கே அதிகம் காணப்படும் மூன்றாம் வகை சி-க்கும் கேட்கிறது.

மருந்து கிடைக்கிறது. இருக்கிறது என்றே தெரியாத ஆட்களைக் கண்டுபிடிப்பதுதான் இப்போது கஷ்டம்.

டி வைரஸ் ஏதோ விசித்திரம் என்றீர்களே?

1977இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் மாரியோ ரிஸ்ஸெட்டோ கண்டது. பி நோயாளிகளிடம் மட்டும் தெரிந்த ஒரு புதுப் புரதம். முதலில் பி-யின் பாகம் என்றே நினைத்தார்கள். பார்த்தால் அது தனி ஆள், வெறும் 1,700 எழுத்து, வட்டமான ஆர்என்ஏ. செடிகளைத் தாக்கும் சில நுண்ணுயிர்த் துண்டுகளைப் போன்ற அமைப்பு. சொந்தமாக மேலுறை கிடையாது, பி-யின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும். பி இல்லாதவருக்கு டி வராது. பி தடுப்பூசி போட்டால் டி-க்கும் சேர்த்துப் போட்ட மாதிரி. 2018 முதல் வாத்திலும் பாம்பிலும் இதன் உறவுகள் கிடைத்தன, அங்கே பி இல்லவே இல்லை. அப்படியானால் டி எந்தச் சட்டையையும் இரவல் வாங்கக் கூடியது! இது எப்படிப் பிறந்தது என்று வாதம் நடந்துகொண்டே இருக்கிறது.

காட்டுப்பன்றிக் கறியில் கல்லீரல் வைரஸ் இருக்கிறதா? வேட்டைக்காரர் கேட்கிறார்.

இருக்கலாம் அண்ணே. அது இ வைரஸ். இதன் ஒன்றாம், இரண்டாம் வகைகள் மனிதரிடம் மட்டும், அசுத்தத் தண்ணீரில் பரவும். 1955-56இல் யமுனையில் சாக்கடை கலந்து டெல்லியில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்ததற்குக் காரணம் இதுதான் என்று பின்னால் தெரிந்தது. கண்டுபிடித்த விதம் கொஞ்சம் பயங்கரம்: 1983இல் வெளியான ஆய்வுக்காக, சோவியத் ஆய்வாளர் மிகைல் பலயான், ஆப்கானிஸ்தானில் நோய்ப்பட்ட ராணுவ வீரர்களின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தானே குடித்து நோய் வரவழைத்துக்கொண்டார்.

மூன்றாம், நான்காம் வகைகள் பன்றி, காட்டுப்பன்றி, மான் வழியாக வரும். ஜப்பானில் பச்சையாகத் தின்ற மான் கறியிலிருந்தும் காட்டுப்பன்றி ஈரலிலிருந்தும் வந்ததை 2003இல் எழுதினார்கள். நம் ஊர்ப் பிரட்டல் நன்றாக வெந்துவிடும், பயம் இல்லை. அரைவேக்காட்டில் ஈரல் சுட்டுத் தின்பதை விட்டுவிடுங்கள். அறுக்கும்போது கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். கர்ப்பிணிகள் கவனமாக இருக்க வேண்டும். ஒன்றாம் வகை அவர்களுக்குக் கடைசி மாதங்களில் வந்தால் உயிருக்கே ஆபத்து.

கெராங் சிப்பி?

அது ஏ. 1988இல் ஷாங்காயில் சரியாக வேகாத சிப்பி தின்று சுமார் மூன்று லட்சம் பேருக்கு வந்தது. நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஒரு தடவை வந்துவிட்டால் மறுபடி வராது. ஊசியும் உண்டு.

கீழாநெல்லி குடித்தால் போய்விடும் என்று என் பாட்டி குணமாக்கியிருக்கிறார். நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா?

பாட்டி பொய் சொல்லவில்லை. ஏ-யும் இ-யும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கும். அந்த வாரங்களில் மோரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால், பேர் கீழாநெல்லிக்குப் போகும்.

ஆனால் விஞ்ஞானிகள் இதைக் கேலி செய்துவிட்டுப் போகவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்து தியாகராஜனும் அவருடைய குழுவும், நான் மேலே சொன்ன அதே பிளம்பெர்க்கோடு சேர்ந்து, பி வைரஸ் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு பி-யின் மேலுறை ஆன்டிஜென் மறைந்தது. மருந்தில்லாத வெறும் பொடி எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் வரவில்லை. 2011இல் எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள், நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றார்கள்.

எனக்கு இதில் வருத்தம் உண்டு, நம் செடி ஜெயித்திருக்கலாம். ஆனால் பி-யோ சி-யோ உள்ளவர் கீழாநெல்லியை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போட்டால், கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் காத்திருக்காது.

சி-க்குச் சிகிச்சை முடித்துக் குணமாகிவிட்டது என்றார்கள். இப்போது ரத்ததான முகாமில் ‘பாசிட்டிவ்’ என்கிறார்களே, திரும்ப வந்துவிட்டதா?

ஐயா, முகாமில் பார்ப்பது ஆன்டிபாடி. அது வைரஸைப் பார்த்து உங்கள் உடம்பு செய்த ஆயுதம். வைரஸ் போன பிறகும் பல வருடம், சிலருக்கு ஆயுள் முழுக்க ரத்தத்தில் இருக்கும். வைரஸ் உண்மையில் இருக்கிறதா என்று சொல்வது ஆர்என்ஏ பரிசோதனை. பழைய சிகிச்சை அட்டையை எடுத்துக்கொண்டு கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) போய் அதைக் கேளுங்கள். ஆனால் அந்த ஆன்டிபாடி உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். சி மறுபடியும் தொற்றக் கூடியது. ரத்தம் மட்டும் இனி நீங்கள் கொடுக்க முடியாது, மகனைக் கூட்டிப் போங்கள்.